நான்கு ஓம் அடைக்கோழி

ஞாயிறு பூசை முடிந்து வந்த செபாஸ்தியம்மாள், கோயிலுக்குக் கட்டிப்போன சேலையைக்கூட மாற்றாமல் நேரே கொல்லைக்குத்தான் போனாள். அவளுக்கு முதலில் கோழி, அப்புறம்தான் காப்பி. அன்றைக்குக் கோழி, கூடைக்கு வெளியே கழுத்து துவண்டு கிடந்தது. கொல்லை முழுக்க இறகு. பக்கத்து வீட்டு ஒச்சம்மாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, கீரி என்றாள். தான் கல்லெடுத்து வருவதற்குள் ஓடிவிட்டது என்றாள்.

சித்தையன்கோட்டைக்கு வெளியே, மல்லிகைத் தோட்டத்துக்கு நடுவில் இருக்கிற வீடு அது. போன கோடையில் வெள்ளைக் கழிச்சல் வந்து சுற்றுவட்டாரத்துக் கோழிகளை வாரிக்கொண்டு போனபோது, செபாஸ்தியம்மாளின் கூட்டில் மிஞ்சியது மஞ்சக்காலி என்கிற இந்தக் கோழி ஒன்றுதான். அதற்கு நோயும் தெரியாது, பயமும் தெரியாது. ஒச்சம்மாள் வீட்டுச் சேவல் வேலி தாண்டி வந்துபோன புண்ணியத்தில் பதினோரு முட்டை இட்டு, அடைக்கும் உட்கார்ந்துவிட்டது. குஞ்சு பொரிக்க இன்னும் நாலைந்து நாள்தான் பாக்கி. அந்த நேரத்தில்தான் கீரி வந்திருக்கிறது. கோழி நினைத்திருந்தால் பறந்து வேலியேறித் தப்பித்திருக்கலாம். முட்டையை விட்டுப் போக மனசில்லாமல் நின்று சண்டை போட்டுச் செத்திருக்கிறது.

செபாஸ்தியம்மாள் அழுதாள். கோழிக்காக அழுகிறவளைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் கோழி வளர்த்தவர்களாக இருக்க முடியாது. அழுதுகொண்டே கூடைக்குள் கைவிட்டு ஒரு முட்டையை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். இன்னும் சூடு இருந்தது. இந்தச் சூடு போவதற்குள் ஏதாவது செய்தால் பதினோரு உயிர். இல்லாவிட்டால் அந்த வீட்டில் இனிமேல் கோழி இல்லை. விஷயம் அவ்வளவுதான்.

ஒச்சம்மாளிடம் கோழிகள் இருந்தன. ஒன்றுகூட அடைக்கு வரவில்லை. அடைக்கு வராத கோழியை முட்டைமேல் உட்கார வைக்க இதுவரை யாராலும் முடிந்ததில்லை. மகன் சகாயராஜ், குட்டியானை வண்டியில் காய்கறி ஏற்றித் திண்டுக்கல் போய் வருகிறவன். எத்தனை மூட்டை சுமை என்றாலும் தாங்குவான், அம்மா அழுதால் மட்டும் தாங்கமாட்டான். ஓடிப்போய்க் கூடத்து பல்பைக் கழற்றி ஒரு ஒயரோடு கொண்டுவந்து கூடைக்கு மேலே கட்டினான். எல்.இ.டி. பல்பு. வெள்ளைவெளேரென்று எரிந்தது, சூடு என்று பேருக்குக்கூட இல்லை. அந்த வெளிச்சத்தில் முட்டைகள் பாடம் படிக்க வேண்டுமானால் படிக்கலாம், குஞ்சு பொரிக்க முடியாது. பழைய குண்டு பல்பு இருக்கிறதா என்று நாலு வீட்டில் கேட்டு வந்தான். எந்த வீட்டிலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, கடையும் இல்லை.

அப்போதுதான் மருமகள் இசைவாணி வாயைத் திறந்தாள்.

அவள் வாயைத் திறப்பதே அபூர்வம். பௌதிகம் படித்துவிட்டு, நாகல் நகரில் பேட்டரியும் இன்வெர்ட்டரும் விற்கிற கடையில் வேலை பார்க்கிறவள். இன்ன வீட்டுக்கு இத்தனை பேட்டரி தாங்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது அவள் வேலை. காலையில் பஸ் ஏறிப் போவாள், சாயங்காலம் வருவாள், கேட்டால் பதில் சொல்வாள். கல்யாணமாகி ஆறு மாதமாகிறது, இந்தப் பிள்ளை மனசில் என்ன இருக்கிறது என்று செபாஸ்தியம்மாளுக்கு இன்னும் பிடிபடவில்லை. அந்த ஒரு குறையைத் தவிர மருமகள்மீது சொல்ல அவளுக்கு வேறு குறை கிடைக்கவில்லை. அதுவே அவளுக்குப் பெரிய குறையாக இருந்தது.

"அத்தை, முட்டைய மடியில வச்சு சேலையப் போட்டு மூடி உக்காருங்க. செத்த நேரம் பொறுங்க, நான் ஒரு பொட்டி பண்ணித் தாரேன்" என்றாள் இசைவாணி.

செபாஸ்தியம்மாள் சமையல்கட்டில் சுவரோரமாக உட்கார்ந்தாள். பதினோரு முட்டையும் மடியில். கோயில் சேலையில் அடைக்கு உட்கார்ந்த ஒரே பெண்பிள்ளை அந்த வட்டாரத்தில் அவளாகத்தான் இருக்கும். எழுந்திருக்க முடியாது, சரிந்து உட்காரவும் முடியாது. மஞ்சக்காலி பட்ட பாடு எவ்வளவு என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

பரணில் கெட்டுப்போன கரண்ட் அடுப்பு ஒன்று கிடந்தது. இசைவாணி அதை இறக்கிக் கம்பிச்சுருளைக் கழற்றினாள். மீன் வந்த தெர்மகோல் பெட்டி ஒன்றைக் கழுவிக் காயவைத்து வந்தான் சகாயராஜ். லைன் கரண்டிலேயே கம்பியைக் கொடுத்துவிடலாமே என்று கேட்டவன் அவன்தான். முட்டையைத் திருப்பிவிட அம்மா ஒரு நாளைக்குப் பலமுறை கையை உள்ளே விடுவார்கள், இருநூற்று முப்பது வோல்ட்டில் கை பட்டால் என்ன ஆகும் என்று அவள் திருப்பிக் கேட்டதும் அந்த யோசனையை விட்டுவிட்டான். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியில் கொடுக்கலாம், பன்னிரண்டு வோல்ட்தான், கை பட்டாலும் ஒன்றும் செய்யாது, லைன் போனாலும் நிற்காது என்றாள்.

பிறகு தெர்மகோல் மூடியைக் கவிழ்த்துப் போட்டு, பேனாவை எடுத்துக் கணக்கு எழுத ஆரம்பித்தாள். செபாஸ்தியம்மாள் மடியில் முட்டையோடு கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தாள். என்ன கணக்கு என்று கேட்காமல் இருக்க அவளால் ஏலவில்லை.

இசைவாணி சொன்னாள். கம்பி கரண்டைச் சும்மா விடாது, மறிக்கும். அப்படி மறிக்கிற அளவுக்குப் பேர்தான் ஓம். வோல்ட்டைக் கரண்டால் வகுத்தால் அது வந்துவிடும். வோல்ட்டையும் கரண்டையும் பெருக்கினால் எத்தனை வாட் என்று வரும். சூடு அந்தக் கணக்கில்தான். அடுப்பின் அடியில் ஆயிரம் வாட், இருநூற்று முப்பது வோல்ட் என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் அதில் நாலேகால் ஆம்பியருக்கு ஒரு பொடி கூடக் கரண்டு ஓடும். வகுத்துப் பார்த்தால் முழுக் கம்பியும் ஐம்பத்து மூன்று ஓம். நமக்கு ஆயிரம் வாட் வேண்டாம், அது முட்டையை அவித்துவிடும். பழைய நாற்பது வாட் பல்பில் குஞ்சு பொரிக்கிறவர்கள் உண்டு, அதற்குக் கொஞ்சம் கீழே இருந்தால் போதும். பன்னிரண்டு வோல்ட்டில் மூன்று ஆம்பியர் ஓடினால் முப்பத்தாறு வாட். மூன்று ஆம்பியர் மட்டும் ஓட வேண்டுமானால் கம்பி நான்கு ஓம் இருக்க வேண்டும்.

"மறிச்சா எப்பிடித்தா சூடு வரும்?" என்று கேட்டாள் செபாஸ்தியம்மாள்.

"திங்கக்கெழம பஸ்ஸுல முண்டிக்கிட்டு ஏறுனா வேர்க்குதுல்ல, அது மாதிரி. ஆனா அத்தை, ரொம்ப மறிச்சா கொஞ்சப் பேருதான் ஏற முடியும், சூடும் கொறஞ்சிரும். மறிக்கிறது கொறஞ்சா எல்லாக் கரண்டும் மொத்தமா உள்ள பாய்ஞ்சிரும், சூடு ஏறிரும். நமக்கு அளவா மறிக்கணும்."

அளவாக மறிப்பது என்றால் செபாஸ்தியம்மாளுக்குப் புரியும். ஒரு மகனை வளர்த்திருக்கிறாள்.

ஐம்பத்து மூன்றில் நான்கு என்றால் பதிமூன்றில் ஒரு பங்கு. சுருளைப் பதிமூன்றாகப் பிரிப்பது எப்படி என்று இசைவாணி ஸ்கேல் தேடினாள். செபாஸ்தியம்மாள் இருந்த இடத்திலிருந்தே, பூக்கட்டுகிற வாழைநாரை எடுத்துத் தரச் சொன்னாள். சுருளின் நீளத்துக்கு நாரைப் பிடித்து நறுக்கி, விரலில் சுற்றி, அவிழ்த்து, மறுபடி சுற்றி, கடைசியில் மடிப்பு பதிமூன்று சரியாக வரவைத்தாள். முழம் போட்டுப் பழகின கை. அந்த அளவுக்கு வெட்டி, இசைவாணி தன் பையில் இருந்த ஓம் பார்க்கும் மீட்டரை வைத்தால் நான்குக்கு ஒரு மயிரிழை மேலே காட்டியது. ஒரு சுற்று நறுக்கியதும் நான்கில் நின்றது. இசைவாணி மாமியாரை நிமிர்ந்து பார்த்து, பரவாயில்லையே என்று தலையசைத்தாள். செபாஸ்தியம்மாளுக்கு அழுகை எந்தப் பக்கம் போனதென்றே தெரியவில்லை.

பெட்டியின் அடியில் ஒரு சீமை ஓடு. அதன்மேல் கம்பி ஒரு முனையிலிருந்து போய், கடைசியில் வளைந்து, பக்கத்திலேயே திரும்பி வந்தது. அதற்கு மேலே கொஞ்சம் இடைவெளி விட்டு மூங்கில் தட்டு. தட்டில் வைக்கோல். மூலையில் ஒரு கிண்ணம் தண்ணீர். மூச்சுவிடப் பென்சிலால் குத்திய ஓட்டைகள். முட்டைகள் மடியிலிருந்து ஒவ்வொன்றாக உள்ளே போயின. சூடு பார்க்க வீட்டில் இருந்த காய்ச்சல் பார்க்கும் கருவியே போதும் என்றாள் இசைவாணி. முட்டைக்கு நூறு டிகிரி இருக்க வேண்டும், நமக்குக் காய்ச்சல், அதற்குச் சௌக்கியம். மத்தியானச் சோற்றுக்கு முன்பே பெட்டி நூறில் நின்றது. தொட்டுக்கொள்ள வெஞ்சனம் எதுவும் செய்யவில்லை. மோரை ஊற்றிச் சாப்பிட்டார்கள். யாருக்கும் குறையாகத் தெரியவில்லை.

திங்கட்கிழமை கடைக்குப் போகும்போது இசைவாணி மூன்று காரியம் சொல்லிவிட்டுப் போனாள். முட்டையைத் திருப்பிவிட வேண்டும், கிண்ணத்தில் தண்ணீர் வற்றக்கூடாது, பெட்டிக்குள் வேறு எதையும் வைக்க வேண்டாம். சூடு பார்த்துத் தானே அணைந்து எரியும் கருவி கடையில் இல்லை, இரண்டு நாளில் வரும், அதுவரை பார்த்துக்கொள்ளுங்கள் அத்தை என்றாள்.

செபாஸ்தியம்மாள் பார்த்துக்கொண்டாள். பூ எடுக்கக்கூடப் போகவில்லை, ஆளைப் பேசி அனுப்பிவிட்டாள். முட்டைகளோடு பேசிக்கொண்டே இருந்தாள். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. சாயங்காலம் ஆகும்போது மேற்கே மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்து, ஒரு இடி இடித்தது.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடை வைத்த கூடையில் இரும்பும் கரித்துண்டும் போட்டு வைப்பது அந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் வழக்கம். இல்லாவிட்டால் இடிச் சத்தத்தில் முட்டை பொரிக்காமல் கூமுட்டையாகிவிடும் என்பார்கள். மஞ்சக்காலியின் கூடையிலும் உடைந்த கதிர் அரிவாள் துண்டு ஒன்றும் அடுப்புக்கரி ஒன்றும் இருந்தன. முட்டை மட்டும் பெட்டிக்கு வந்துவிட்டது. இரும்பு கூடையிலேயே கிடந்தது. டவுனில் பிறந்த பிள்ளைக்கு அது எப்படித் தெரியும், தானல்லவா சொல்லியிருக்க வேண்டும் என்று செபாஸ்தியம்மாள் நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

எதையும் வைக்க வேண்டாம் என்று மருமகள் சொன்னது நினைவில் இருக்கத்தான் செய்தது. ஆனால் எதையும் என்றால் துணி, காகிதம், குப்பை கூளம் என்று அர்த்தம். இரும்பு எப்படி அதில் சேரும், அது காவல் அல்லவா என்று அவளே ஒரு தீர்ப்பும் சொல்லிக்கொண்டாள். அரிவாள் துண்டு துருப்பிடித்திருந்தது. முட்டைக்குப் பக்கத்தில் அழுக்கோடு வைக்கலாமா? சாம்பல் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்துப் பளபளவென்று ஆக்கினாள். துருவோடு விட்டிருந்தால்கூட இவ்வளவு வினை வந்திருக்காது. மூங்கில் தட்டை லேசாகத் தூக்கி, அடியில் இரும்பை உள்ளே தள்ளினாள். கரியை ஒரு மூலையில் வைத்தாள். சிலுவை போட்டுக்கொண்டு மூடியை மூடினாள். மனசு நிம்மதியானது.

கொஞ்ச நேரத்தில் காய்ச்சல் கருவி நூற்றியொன்று காட்டியது. இரும்பு வேலை செய்கிறது, முட்டைக்குத் தெம்பு ஏறுகிறது என்று முதலில் அவளுக்குச் சந்தோஷம். நூற்றியிரண்டு ஆனபோது சந்தோஷம் குறைந்தது. நூற்றிமூன்று ஆனபோது மூடியைத் திறந்துவிட்டு முறத்தால் விசிறத் தொடங்கினாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. இரும்பை எடுத்துவிடலாமா என்று ஒருதரம் நினைத்தாள். அந்த நேரம் பார்த்துத் தலைக்கு மேலேயே ஒரு இடி இறங்கியது. இந்த இடிக்கு இரும்பும் இல்லாவிட்டால் அவ்வளவுதான் என்று விட்டுவிட்டாள்.

இசைவாணி நனைந்து வந்தாள். தலையைக்கூடத் துவட்டாமல் கருவியைப் பார்த்தாள். நூற்றிநான்கு. சேலை நுனியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டப் பெட்டிமுன் உட்கார்ந்துவிட்டாள்.

இன்றைக்குப் புழுக்கம் ஜாஸ்தி, அதனால் இருக்கும் என்றாள் செபாஸ்தியம்மாள். சொன்ன வாய்க்கே அது பொருந்தவில்லை. மழையில் ஊரே குளிர்ந்து கிடந்தது.

இசைவாணி மீட்டரை எடுத்தாள். பேட்டரியில் வைத்தாள், பன்னிரண்டு வோல்ட். அது சரிதான். கம்பி ஒன்றைக் கழற்றி மீட்டரை நடுவில் சேர்த்தாள். மூன்று காட்ட வேண்டியது ஐந்து காட்டியது. உடனே கம்பியைப் பேட்டரியிலிருந்து பிடுங்கினாள். மூடியைக் கவிழ்த்துப் போட்டுப் பழைய கணக்குக்குக் கீழேயே புதுசாக எழுதினாள். பன்னிரண்டும் ஐந்தும் பெருக்கினால் அறுபது வாட். முப்பத்தாறு இருக்க வேண்டிய இடத்தில் அறுபது. பிறகு பன்னிரண்டை ஐந்தால் வகுத்தாள். இரண்டு புள்ளி நான்கு.

அந்த எண்ணைப் பார்த்ததும் அவள் புருவம் சுருங்கியது. மறிக்கிறது குறைந்தால் சூடு ஏறும் என்று நேற்றுச் சொன்னது இப்போதுதான் செபாஸ்தியம்மாள் காதில் திரும்பக் கேட்டது.

"நாலு ஓம் கம்பி அத்தை. நீங்க அளந்து குடுத்தது. அது தானாக் கொறையாது" என்றாள் இசைவாணி. குரலில் கோபம் இல்லை, யோசனைதான் இருந்தது. "கரண்டு கடைசி வரைக்கும் போகாம நடுவுலயே குறுக்குவழி புடிச்சுத் திரும்புது. பத்துப் பங்குல ஆறு பங்கு கம்பியிலதான் ஓடுது."

கம்பி போய்த் திரும்பி வருகிறதல்லவா, போகிற வழியில் ஆறு பங்கு தூரத்தில் இரண்டு வரிசையையும் ஏதோ ஒன்று சேர்த்துப் பிடிக்கிறது என்று அவள் விளக்கினாள். வாழைநாரை எடுத்துப் பெட்டியின் வெளிப்பக்கத்தில் ஓட்டின் நீளத்துக்குப் பிடித்தாள். பத்தாக மடித்தாள், ஆறு மடிப்பு எண்ணினாள். செபாஸ்தியம்மாள் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் சொல்லி மாட்டிக்கொண்டவர்களை அவள் பார்த்திருக்கிறாள். சாட்சி சொல்லி மாட்டிவிடுவார்கள், முகம் பார்த்துக் கண்டுபிடிப்பார்கள். வகுத்துப் பார்த்துக் கண்டுபிடிப்பதை இப்போதுதான் பார்க்கிறாள். விரல் நகர்ந்து நகர்ந்து வந்து, அவள் இரும்பைத் தள்ளிய இடத்துக்கு நேரே நின்றது.

"இங்கன ஏதோ கெடக்கு அத்தை."

தட்டைத் தூக்கிக் கையை விட்டாள். அரிவாள் துண்டு, கரண்டை மறிக்கத் துளித் துருவும் இல்லாமல், பளபளவென்று வெளியே வந்தது. சுட்டிருக்க வேண்டும், கை மாற்றிக் கை மாற்றிப் பிடித்தாள். மாமியார் முகத்தையும் பார்த்தாள். இப்போது இந்தப் பிள்ளை நாலு வார்த்தை கேட்டாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று செபாஸ்தியம்மாள் நின்றாள்.

அந்த நேரத்தில் சகாயராஜ் வண்டியை நிறுத்திவிட்டு, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு உள்ளே ஓடிவந்தான். என்ன ஆச்சு, முட்டைக்கு என்ன ஆச்சு என்று கேட்டான். இசைவாணி அரிவாள் துண்டைப் பக்கத்திலிருந்த முறத்துக்கு அடியில் தள்ளினாள்.

"ஒண்ணுமில்லங்க. கனெக்‌ஷன் லூஸா இருந்துச்சு. சரி பண்ணிட்டேன்" என்றாள்.

செபாஸ்தியம்மாள் சட்டென்று திரும்பி அடுப்பைப் பார்க்க நின்றுகொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை யாரும் பார்க்க வேண்டாம் என்றிருந்தது. ஆறு மாதமாக இந்தப் பிள்ளை மனசில் என்ன இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தாளே, அது இதுதான்.

பெட்டி ஆறியதும் கம்பியை மறுபடி கொடுத்தார்கள். மூன்று ஆம்பியர், முப்பத்தாறு வாட், நூறு டிகிரி. எல்லாம் பழையபடி. முட்டைகள் பிழைத்தனவா என்பது மட்டும் தெரியவில்லை. செபாஸ்தியம்மாள் மெதுவாகக் கேட்டாள். தெரியல அத்தை என்றாள் இசைவாணி. மீட்டரை முட்டையில் வைத்துப் பார்க்க முடியாதே. அன்றைக்கு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் விடிந்ததும் செபாஸ்தியம்மாள் மருமகளைக் கையைப் பிடித்துக் கூப்பிட்டாள். அகலமான சட்டியில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் வைத்திருந்தாள். புறங்கையில் ஊற்றிப் பார்த்துக்கொண்டாள். பொரிக்கப் போகிற முட்டையை இப்படித் தண்ணீரில் விட்டால் மிதக்கும், உள்ளே உயிர் இருந்தால் தானாக ஆடும், நீயே பார் என்றாள். இசைவாணிக்கு இது புதுசு. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சட்டிக்குப் பக்கத்தில் குந்தினாள்.

முதல் முட்டையை விட்டாள் செபாஸ்தியம்மாள். தண்ணீர் ஆடி அடங்கும்வரை இருவரும் காத்திருந்தார்கள். தண்ணீர் அடங்கியது. முட்டை சும்மா கிடந்தது. இன்னும் கொஞ்சம் பார்த்தார்கள். அப்புறம் யாரோ உள்ளேயிருந்து முழங்கையால் இடித்தமாதிரி முட்டை ஒரு பக்கம் சாய்ந்தது, நிமிர்ந்தது, மறுபடி சாய்ந்தது. சட்டித் தண்ணீரில் சின்னச் சின்ன வளையம் கிளம்பியது.

"ஆடுது அத்தை" என்றாள் இசைவாணி. அவ்வளவு சத்தமாக அவள் அந்த வீட்டில் பேசியதே இல்லை.

"ஆடுதுத்தா" என்று செபாஸ்தியம்மாளும் சொன்னாள்.

ஒவ்வொன்றாக விட்டு, ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார்கள். ஒன்று குதியாட்டம் போட்டது. ஒன்று யோசித்து யோசித்து ஆடியது. சகாயராஜ் பிறந்ததும் இப்படித்தான், வரவா வேண்டாமா என்று இரண்டு நாள் இழுத்தான் என்று செபாஸ்தியம்மாள் சொல்ல, இருவரும் சமையல்கட்டில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இரண்டு முட்டை மட்டும் எவ்வளவு நேரம் பார்த்தும் அசையவில்லை. செபாஸ்தியம்மாளின் முகம் வாடியது. அது முதலிலேயே கூமுட்டையாக இருந்திருக்கும் அத்தை, விடுங்க என்றாள் மருமகள். அது உண்மையோ ஆறுதலோ தெரியாது. ஒன்பது ஆடியது உண்மை.

வியாழக்கிழமை காலையில் பெட்டிக்குள்ளிருந்து கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. இசைவாணி கடைக்குப் போன் போட்டு லீவு சொல்லிவிட்டாள். என்ன காரணம் என்று கேட்டிருப்பார்கள் போலிருக்கிறது. வீட்டில் பிரசவம் என்றாள். ஓட்டில் ஒரு விரிசல், விரிசலில் ஒரு மூக்கு, மூக்குக்குப் பின்னால் ஈரமாக ஒரு உயிர். மத்தியானத்துக்குள் ஒன்பதும் வந்துவிட்டன. கறுப்பில் நாலு, சாம்பலில் மூன்று, மிச்சம் இரண்டும் என்ன நிறம் என்று ஈரம் காய்ந்தபிறகுதான் சொல்ல முடியும். கால்கள் மட்டும் அத்தனையும் மஞ்சள். செபாஸ்தியம்மாள் ஒவ்வொன்றின் காலையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். மஞ்சக்காலி சாகவில்லை என்று ஒன்பது தடவை சொல்லிக்கொண்டாள்.

சேதி பரவி அக்கம்பக்கமெல்லாம் வந்துவிட்டது. கோழி இல்லாமல் பேட்டரியில் குஞ்சு பொரித்த அதிசயத்தைப் பார்க்க, பூ எடுக்க வந்த ஆட்கள்கூடக் கூடையோடு நின்றார்கள். சகாயராஜுக்குத் தரையில் கால் பாவவில்லை. தன் மனைவி பெட்டி செய்த கதையை முதலிலிருந்து சொன்னான். நான்கு ஓம் என்றான், முப்பத்தாறு வாட் என்றான், பாதி தப்பாகச் சொன்னான், யாருக்கும் தெரியவில்லை. நடுவில் ஒரு நாள் கனெக்‌ஷன் லூஸாகிச் சூடு ஏறிவிட்டது, அதையும் அவளே சரி செய்துவிட்டாள் என்றான்.

அதுவரைக்கும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்த ஒச்சம்மாள் அந்த இடத்தில் நிறுத்தினாள். கீரியை விரட்ட முடியாத வருத்தமோ, தன் சேவலின் பேர் கதையில் வராத வருத்தமோ.

"கடையில இதே வேலதான் பாக்குது புள்ள. கனெக்‌ஷன ஒழுங்கா முறுக்கியிருக்கக் கூடாதா? ரெண்டு முட்டை போச்சுல்ல" என்றாள்.

கூட்டத்தில் இரண்டொருவர் அதுவும் சரிதான் என்பதுபோல உச்சுக் கொட்டினார்கள். இசைவாணி தலை நிமிரவில்லை. குஞ்சு ஒன்றைத் துணியால் ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் பாட்டுக்குச் சிரித்த முகமாகத்தான் இருந்தாள். இந்தப் பேச்சு இப்படியே போய்விட்டாலும் அவளுக்குச் சம்மதம் என்று அந்த முகத்திலேயே தெரிந்தது.

செபாஸ்தியம்மாளுக்குத்தான் சம்மதம் இல்லை. நாலு பேர் நடுவில் மானம் போகுமே என்று ஒரு நொடி தோன்றியது. போனால் போகட்டும் என்று அடுத்த நொடி தோன்றியது. முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு கூட்டத்துக்கு நடுவில் வந்தாள்.

"ஒச்சம்மா, இங்க பாரு. எம் மருமக முறுக்குன கம்பியில ஒரு குத்தமும் இல்ல. இடிக்குப் பயந்து அரிவாத் துண்டத் தேச்சுக் கழுவி உள்ள விட்டவ நான். இவ தட்டத் தூக்கிக்கூடப் பாக்கல. பன்னெண்ட அஞ்சால வகுத்தா, இங்கனதான் கெடக்குன்னு வெரல வச்சா. வச்ச எடத்துலதான் கெடந்துச்சு. நான் பக்கத்துல நின்னு வேர்த்துக்கிட்டிருந்தேன். அவ என்னையக் காட்டிக் குடுக்காம கனெக்‌ஷன் லூஸுன்னுட்டா."

சகாயராஜ் அம்மாவைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான், தன்னிடம் இத்தனை நாளாக இரண்டு பேரும் சேர்ந்து மறைத்திருக்கிறார்கள் என்பது மெதுவாகத்தான் உறைத்தது. இசைவாணி குஞ்சைக் கையில் வைத்தபடி நிமிர்ந்தாள். என்ன அத்தை இப்படிப் போட்டு உடைச்சிட்டீங்க என்று சொல்லப் போனவள், சொல்ல முடியாமல் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். முதலில் ஒச்சம்மாள், அப்புறம் பூக்கூடைக்காரர்கள், கடைசியில் சகாயராஜ் என்று சிரிப்பு ஒவ்வொருவராகத் தொற்றிக்கொண்டு போனது.

"சிரிங்க, நல்லாச் சிரிங்க" என்றாள் செபாஸ்தியம்மாள். அவளுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஆனா ஒண்ணு சொல்லிப்புட்டேன். எம் மருமககிட்ட எதையும் ஒளிக்க ஏலாது. அவகிட்ட மீட்டர் இருக்கு."

பிறகு குனிந்து மருமகள் கையிலிருந்த குஞ்சைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டு, ஒச்சம்மாளுக்கு நன்றாகத் தெரியும்படி அதன் மஞ்சள் காலைத் தூக்கிக் காட்டினாள்.